காசக்கிருமியின் தாயாதிகள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தமிழர் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாலை நேரத்தில் இலேசான சுரம், உடம்பும் மெலிந்துவருகிறது. சர்க்கார் மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்கே அவருடைய கோழையை ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்லத் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றிச் சூடுகாட்டி, அமிலத்தால் கழுவி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். நீலப் பரப்பில் மெல்லிய சிவந்த கோல்கள் தென்படுகின்றன. காசம் என்று எழுதி அன்றைக்கே மருந்து தொடங்கிவிடுகிறார்கள். காசம் மலிந்த நம் நாட்டில் இம்முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கோல்கள் காசக்கிருமிதானா, அல்லது அதன் தாயாதிகளுள் ஒன்றா என்பதைத் தகடு சொல்லாது. அமிலத்தால் கழுவினாலும் சாயத்தை விடாத மெழுகுப் போர்வை அந்தக் குலம் முழுவதற்கும் பொது.

நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்து சாலையில் குடியேறியவர்களுக்குத் தாயாதி என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. குலம் ஒன்று, முகச்சாயல் ஒன்று. குடியிருப்பு வேறு, நடத்தை வேறு. விஞ்ஞானிகள் இக்குலத்தை மைக்கோபாக்டீரியா என்பர். இதில் மனிதனை வாட்டிய இரு பெருங்கிளைகள் காசக்கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஆகும். ஏனையவை ஏறத்தாழ இருநூறு இனங்கள். அவை மண்ணிலும் குளத்திலும் குழாயிலும் தூசியிலும் வாழ்கின்றன; மனிதனை நாடி அலைவதில்லை. இவற்றைக் காசமல்லாத மைக்கோபாக்டீரியா என்று மருத்துவர் வழங்குகின்றனர். இல்லாத ஒன்றைக் கொண்டு பெயரிட்டதே, மருத்துவம் இவற்றை எவ்வளவு காலம் பொருட்படுத்தாமல் இருந்தது என்பதைக் காட்டும்.

பெயரை அறிவதில் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் பெரிது. காசம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் காற்றில் பரவும். தாயாதிகள் பொதுவாக அப்படிப் பரவுவதில்லை. ஆகவே இவை கண்ட வீட்டில் தட்டையும் பாயையும் தனியே ஒதுக்குவது வீண் துன்பம். அடுத்தது மருந்து. காசத்தை வெல்லும் மருந்துகளுள் சில இவற்றில் பலவற்றிடம் பலிப்பதில்லை. ஆறு மாதம் மருந்து உண்டும் கோழையில் சிவந்த கோல்கள் மறையாவிடில், மருந்துக்கு அடங்காத காசம் என்று முடிவுகட்டி, மேலும் கடுமையான மருந்துகளை நாடும் அபாயம் உண்டு. செவிப்புலனைக் கெடுக்கக்கூடிய ஊசிகள் அத்தகைய காசத்துக்கு வழக்கமாக இருந்த காலத்தில், கிருமியின் பெயர் மாறிப்போனால் அதற்கு நோயாளி கொடுத்த விலை சிறிதன்று.

இத்தாயாதிகளின் வரலாறு காசக்கிருமியின் வரலாற்றுக்கு அணித்தாகவே தொடங்குகிறது. 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் ராபர்ட் காக் பெர்லின் நகரில் காசக்கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதே சாயத்தை ஏற்கும் வேறு கோல்கள் எதிர்பாராத இடங்களில் அகப்படலாயின. 1897-இல் லிடியா ராபினோவிச் என்னும் அம்மையார் பெர்லின் சந்தை வெண்ணெயில் அத்தகைய கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு மொல்லர் என்பவர் கால்நடைத் தீவனப் புல்லில் ஒன்றைக் கண்டார். வெண்ணெயில் சிவந்த கோல் தெரிந்தால் அது காசம் என்று கூவிய காலம் அது. அதைப் பிரித்தறிந்து, இது வேறு என்று நிறுவியது எளிய செயலன்று.

ஃப்ரீட்மன் என்ற ஜெர்மானிய மருத்துவரின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1903-இல் அவர் பெர்லின் நீர்வாழ் உயிர்க் காட்சிச்சாலையிலிருந்த கடலாமைகளின் நுரையீரலில் ஒரு கிருமியைக் கண்டார். ஆமைக்கு நோய் தரும் இக்கிருமி மனிதனுக்குத் தீங்கு செய்யாமல் காசத்தை விரட்டும் என்று நம்பி, 1912-இல் அதையே மருந்தென்று அறிவித்தார். மறு ஆண்டு அமெரிக்காவுக்கும் கொண்டு சென்றார். நோயாளிகள் திரள்திரளாக வந்தனர். சோதித்துப் பார்த்த அமெரிக்க சர்க்கார் மருத்துவர்கள் அம்மருந்தில் சாரம் இல்லை என்று முடிவு கூறினர். மருந்து மறைந்தது; கிருமியின் பெயர் நின்றது. ஆமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'கெலோனே' என்றே அதனை இன்றும் அழைக்கின்றனர். ஊசி போட்ட இடத்திலும் அறுவை செய்த தழும்பிலும் ஆறாத கட்டிகளை உண்டாக்குவோருள் அது ஒன்று. அதன் உறவான இன்னொன்றை 1938-இல் பிரேஸில் நாட்டு மருத்துவர் ஒருவர், ஊசி குத்திய இடத்துக் கட்டியிலிருந்து எடுத்து, தற்செயல் என்று பொருள்படும் 'ஃபார்ச்சுயிட்டம்' என்னும் பெயரைச் சூட்டினார்.

ஆயினும் நுரையீரல் மருத்துவர்கள் நெடுங்காலம் இவற்றைக் களை என்றே ஒதுக்கினர். வளர்ப்புக் குழாயில் எதிர்பாராத நிறத்தில் ஏதேனும் முளைத்தால் அசுத்தம் புகுந்துவிட்டது என்று கொட்டிவிடுவதே ஆய்வுக்கூடங்களின் வழக்கமாக இருந்தது. நோய் மலிந்திருக்கும்வரை அதில் பெரும் பிழையும் இல்லை. மேல்நாடுகளில் ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிட்டும் வந்து காசம் வடியத் தொடங்கியபோதுதான், வெள்ளம் வடிந்த ஆற்றில் பாறைகள் தென்படுவது போல் இவை தென்பட்டன. எல்லாரும் குணமடையும் சானடோரியத்தில் சிலர் மட்டும் ஏன் குணமடையவில்லை? 1953-இல் அமெரிக்காவில் கான்ஸஸ் நகரத்துப் புலரும் போலக்கும் இரு நோயாளிகளின் நுரையீரலிலிருந்து மஞ்சள் நிறக் கிருமி ஒன்றை எடுத்து, நோய்க்குக் காரணம் அதுவே என்று எழுதினர். ஜார்ஜியா மாநிலத்தில் பேட்டி என்னும் மருத்துவமனையிலும் அவ்வாறே வேறொரு கிருமி திரும்பத் திரும்ப அகப்பட்டது. பேட்டிக் கிருமி என்ற அந்தப் பெயரை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் அது நம் செங்கற்பட்டுக்கு வரப்போகிறது.

சிதறிக்கிடந்த இக்கண்டுபிடிப்புகளை ஒழுங்கு செய்தவர் எர்னஸ்ட் ரன்யன். 1959-இல் அவர் வகுத்த முறையின் எளிமை வியப்புக்குரியது. கிருமி எவ்வளவு நாளில் வளர்கிறது, எந்த நிறம் கொள்கிறது என்ற இரண்டையுமே அவர் கேட்டார். முட்டையும் உப்பும் சேர்த்துக் கெட்டியாக்கிய உணவில் சில கிருமிகளை இருட்டில் வளர்த்தால் வெளிறி இருக்கும். சிறிது நேரம் விளக்கொளி காட்டினால் எலுமிச்சை நிறம் கொள்ளும். வேறு சில இருட்டிலேயே மஞ்சளாகும். மூன்றாம் வகை எந்த ஒளிக்கும் நிறம் மாறாது. நான்காம் வகை ஒரு வாரத்துக்குள் வளர்ந்துவிடும். காசக்கிருமியோ மூன்று வாரத்துக்குக் குறைந்து முளைக்காது. ஒரு விளக்கும் ஒரு நாட்காட்டியும் இருந்தால் சிற்றூர் ஆய்வுக்கூடமும் இவற்றைப் பகுத்துவிடலாம். மரபணுவைப் படிக்கும் காலம் வந்தபின் இப்பகுப்பின் ஆட்சி தளர்ந்தது உண்மையே. ஆனால் உலகம் முழுவதிலும் இவற்றைக் கொட்டிவிடாமல் பார்க்கச் செய்தது ரன்யனின் விளக்குதான் என்பது என் எண்ணம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி நடத்திய நிலையம் அது. அதனை நடத்திய வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய நுரையீரல் நிபுணர், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் கொண்டு ஓர் ஒப்பீடு செய்தார். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மறு பகுதியினர் தங்கள் குடிசையிலேயே இருந்து அதே மாத்திரையை உண்டனர். 1959-இல் வெளிவந்த முடிவின்படி இருசாராரும் ஏறத்தாழ ஒன்றுபோல் குணமடைந்தனர். சானடோரியங்களின் காலம் அதனோடு இறங்குமுகமாயிற்று. தாம்பரத்தில் 1928-இல் தோன்றிய சானடோரியத்தின் பெயர் இன்று மின்சார ரயில் நிலையம் ஒன்றின் பெயராகவும் வழங்குகிறது. அந்நிலையத்தில் ஏறியிறங்குவோருள் எத்தனை பேர் அதன் பொருளை நினைப்பார்களோ!

சிகிச்சையில் வழி பிறந்தது. தடுப்பில் வழி என்ன? அதற்கு விடையாகக் கருதப்பட்டது பி.சி.ஜி. ஊசி. கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் மாட்டுக் காசக்கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் இடைவிடாமல் வளர்த்து, அதன் நச்சைக் குறைத்து, 1921-இல் முதன்முறை குழந்தைக்குக் கொடுத்தனர். நம் நாட்டில் 1948-இல் மதனப்பள்ளியில் இந்த ஊசி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு கிண்டி கிங் நிலையத்தில் மருந்து தயாரிப்பும் ஆரம்பமாயிற்று. பின்னர் ஊசிக் குழுவினர் ஊர் ஊராகச் சென்றனர். 1955-இல் இராஜாஜி இதனை வெளிப்படையாக எதிர்த்தார். துண்டுப் பிரசுரமும் வெளியிட்டார். அவருடைய வாதம் முக்கியமாக, நோயில்லாத குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைப் புகுத்தலாகாது என்பது. சர்க்கார் இணங்கவில்லை. பிற்காலத்தில் செங்கற்பட்டில் வெளிப்பட்டது வேறு வகைச் செய்தியாதலால், இராஜாஜி சொன்னதே பலித்தது என்று இன்று கூறுவது பொருந்தாது. ஊசி தீங்கு செய்கிறதா என்பது அவர் எழுப்பிய கேள்வி. நன்மை செய்கிறதா என்பது செங்கற்பட்டு எழுப்பிய கேள்வி.

நன்மையைப் பற்றி உலகில் அப்போதே கருத்து ஒருமிக்கவில்லை. 1950-இல் தொடங்கி இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்திய சோதனையில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பங்கு நோய் தடுக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் செய்த சோதனையிலோ, ஏழில் ஒரு பங்குதான் காப்பு. ஒரே ஊசி ஏன் ஓரிடத்தில் கவசமாகிறது, மற்றோரிடத்தில் வெறும் தழும்பாகிறது? ஜார்ஜியா என்பது பேட்டிக் கிருமி அகப்பட்ட மாநிலம் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் கார்ரல் பாமர் கவனித்தார். மண்ணிலும் நீரிலும் இருக்கும் தாயாதிகள் மனிதர் உடம்புக்கு முன்பே ஓரளவு பயிற்சி அளித்துவிட்டால், ஊசி புதிதாகச் சேர்க்கக்கூடியது கொஞ்சமே என்று அவர் கருதினார். 1966-இல் லாங் என்பவருடன் கூடிக் கினிப்பன்றிகளில் சோதித்தார். தாயாதிக் கிருமி ஏற்றிய விலங்குகளுக்கு ஓரளவு காப்பு இருந்தது. அவற்றுக்கு மேலும் பி.சி.ஜி. போட்டால் கிடைத்த கூடுதல் பயன் சிறிது. இருட்டறையில் விளக்கு ஏற்றினால் வெளிச்சம் தெரியும். முற்றத்து வெயிலில் ஏற்றினால் தெரியாது. இதனையே மறைப்புக் கொள்கை என்றனர்.

இந்தக் கொள்கையையும் ஊசியையும் ஒருங்கே உரைகல்லில் வைத்ததுதான் செங்கற்பட்டுச் சோதனை. அக்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்தனர். 1968-இல் வேலை தொடங்கி 1971-இல் ஊசி போட்டு முடிந்தது. பதிவானோர் 3,66,625 பேர். ஊசி பெற்றோர் 2,81,161 பேர். உலகில் பி.சி.ஜி.க்காக இவ்வளவு பெரிய சோதனை அதற்குமுன் நடந்ததில்லை. வீடு வீடாகச் சென்று ஒவ்வொருவரையும் பெயர் எழுதி, முன்கையில் டியூபர்குலின் குத்தி, மூன்றாம் நாள் மீண்டும் வந்து வீக்கத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தனர். பெரியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தனர். ஐயம் தோன்றினால் கோழையும் பெற்றனர். கதிர் அறுப்பு நாளில் வயலுக்குப் போனவரை மாலையில் தேடிச் செல்ல வேண்டும். திருவிழாவுக்கு வந்த விருந்தாளியை ஊராரோடு எண்ணிவிடக் கூடாது. கணக்கேட்டின் பின்னே இருந்த உழைப்பு இத்தகையது.

ஊசி மூவகை: முழு அளவு பி.சி.ஜி., அதில் பத்தில் ஒரு பங்கு, மருந்தே இல்லாத வெறுந்திரவம். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் முடிவு செய்தனர். குத்தியவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. பிரான்சு, டென்மார்க்கு ஆகிய இரு நாட்டு வித்துகளையும் சோதித்தனர். இதில் இன்னொரு நுட்பம். ஒவ்வொருவருக்கும் டியூபர்குலின் இரண்டு வகை குத்தினர். ஒன்று காசக்கிருமியிலிருந்து எடுத்தது. மற்றொன்று 'பி' என்ற எழுத்தால் குறிக்கப்பட்டது. அந்த எழுத்து குறிப்பது பேட்டியை. ஜார்ஜியாவின் நோயாளி ஒருவரிடம் முளைத்த கிருமியின் சாரம் செங்கற்பட்டு உழவர்களின் முன்கையில் ஏறிற்று. ஏறிய இடம் வீங்கிற்று. வயதுவந்தோருள் ஏறத்தாழ எல்லாரிடமும் வீங்கிற்று. வயலிலும் ஏரியிலும் காலமெல்லாம் கால் நனைந்தவர்களின் உடம்பு அந்தத் தாயாதிகளை முன்பே அறிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊரனைத்தையும் மீண்டும் பரிசோதித்தனர். ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் இதழில் வந்தது. பி.சி.ஜி. பெற்றவரும் வெறுந்திரவம் பெற்றவரும் நோயுற்ற விகிதத்தில் வேறுபாடு இல்லை. உலகம் திடுக்கிட்டது. ஊசி மருந்து வீரியம் இழந்திருக்கலாம் என்றனர் சிலர். கணக்கில் குற்றம் தேடினர் சிலர். ஆனால் போட்ட இடத்தில் தழும்பு உண்டாகியிருந்தது, டியூபர்குலின் வீக்கமும் உண்டாகியிருந்தது. ஆகவே மருந்து செத்ததன்று. பதினைந்தாண்டு இறுதி அறிக்கை 1999-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் காசக்கிருமியின் அடையாளமும் எக்ஸ்ரேயில் குற்றமும் இல்லாதிருந்த 1,09,873 பேரில் 560 பேருக்கு நோய் கண்டது. பெரியவர்களிடம் ஊசி சிறிதும் காக்கவில்லை. குழந்தைகளிடம் மட்டும் நூற்றுக்கு 27 என்னும் அளவில் ஒரு சிறு காப்புத் தோன்றியது. அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய எல்லைக்குள்ளே நின்றது.

எதிர்பார்த்தது வராதபோது, வராததை அப்படியே எழுதுவது விஞ்ஞானத்தில் எளிதான காரியமன்று. பல்லாயிரவர் உழைத்து, பல நாடுகள் பணம் கொடுத்து, நாடெங்கும் போட்டுவந்த ஊசியைப் பற்றிய முடிவு அது. அதனை மறைக்காமல் வெளியிட்ட சென்னை, பெங்களூர் ஆராய்ச்சியாளர்களின் நேர்மையை நான் சோதனையின் அளவினும் பெரிதாக மதிக்கிறேன்.

காரணம் எது? தாயாதிகளின் மறைப்பு ஒன்று. ஆனால் அதுவே முழு விடை என்று எவரும் நிறுவவில்லை. தென்னிந்தியக் காசக்கிருமிகளுள் பல கினிப்பன்றிகளிடம் நச்சுத்தன்மை குறைந்தவை என்று டெனிஸ் மிச்சிசன் முதலியோர் 1960-இலேயே கண்டிருந்தனர். காசம் மலிந்த ஊரில் பெரியவர்களுக்கு வரும் நோய், ஊசிக்கு முன்பே உட்புகுந்து உறங்கிய கிருமியாலோ மறுபடி மறுபடி தொற்றிய கிருமியாலோ வருவதாகலாம் என்பது இன்னொரு விளக்கம். பிற்காலச் சான்றுகள் தாயாதிகளின் பக்கமே சாய்கின்றன. பி.சி.ஜி. பூமத்திய ரேகையை விட்டு விலகிய குளிர்நாடுகளில் நன்றாகவும், நெருங்கிய வெப்பநாடுகளில் குறைவாகவும் காக்கிறது. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஊசிக்குப்பின் எதிர்ப்புச் சக்தி இங்கிலாந்து இளைஞரிடம் மிகுதியாகவும் ஆப்பிரிக்காவின் மலாவி இளைஞரிடம் குறைவாகவும் கூடியதைக் காட்டிற்று; மலாவி இளைஞர்களிடம் ஊசிக்கு முன்பே அச்சக்தி ஓரளவு இருந்தது.

செங்கற்பட்டு மண்ணிலேயே அந்தத் தாயாதிகளைத் தேடும் வேலையைச் சென்னை நிலையத்தினர் பின்னர் மேற்கொண்டனர். பரமசிவன், பிரபாகர், கமலா முதலியோர் 1985-லும் 1994-லும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. ஊராரின் கோழையையும், ஊரின் மண்ணையும், நீரையும், தூசியையும் எடுத்து வந்து வளர்த்தனர். வேகமாக வளரும் வேறு கிருமிகள் முந்திக்கொண்டு மூடிவிடாதபடி மண்ணைக் கழுவும் முறையையே முதலில் ஒப்பிட்டுத் தேற வேண்டியிருந்தது. கோழையில் முதலிடம் பெற்றது பேட்டிக் கிருமியை உள்ளடக்கிய ஏவியம் குழு. மண்ணிலும் நீரிலும் மலிந்திருந்தது அந்தத் 'தற்செயல்' கிருமி. கோழையில் கண்டோரெல்லாம் நோயாளிகள் அல்லர் என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வாசல் தூசி காலில் ஒட்டுவது போல், இக்கிருமி வாயிலும் தொண்டையிலும் வந்து தங்கிச் செல்வதுண்டு.

நுரையீரல் நிபுணருக்கு இன்றைக்கும் தலைவலி தருவது இதுவேயாகும். வந்துபோன விருந்தாளியா, குடியேறிய பகைவனா? ஒரு கோழையில் ஒருமுறை முளைத்ததைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது மருத்துவ சங்கங்களின் விதி. வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு கோழைகளிலேனும் அதே கிருமி முளைக்க வேண்டும். நோய்க்குறிகள் இருக்க வேண்டும். படத்திலும் அதற்கேற்ற மாறுதல் தெரிய வேண்டும். காசமா, தாயாதியா என்று பிரித்தறிய இப்போது துணை உண்டு. 2010-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட ஜீன் எக்ஸ்பர்ட் என்னும் கருவி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காசக்கிருமியின் மரபணு இருக்கிறதா என்று கூறிவிடும். தகட்டில் சிவந்த கோல்கள் நிறைந்திருந்தும் கருவி இல்லை என்று சொன்னால், மருத்துவர் தாயாதியை நினைக்க வேண்டும்.

இவை யாரைப் பிடிக்கின்றன என்பதிலும் ஒரு முறை உண்டு. நலமுள்ள நுரையீரலை இவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கல்தூசியும் புகையும் அரித்த நுரையீரல், மூச்சுக்குழல் அகன்று சளி தேங்கிய நுரையீரல், எல்லாவற்றுக்கும் மேலாக முன்பு காசம் வந்து ஆறிய நுரையீரல் — இவையே இவற்றுக்கு இடம் கொடுக்கும். பழைய காசம் விட்டுச்சென்ற குழியில் தாயாதி குடியேறுகிறது. மறுபடியும் காசம் வந்துவிட்டது என்று நோயாளி கலங்குகிறார். எய்ட்ஸ் நோய் பரவிய 1980-களில் ஏவியம் குழு உடம்பெங்கும் பரவி உயிர்குடித்ததையும் உலகம் கண்டது. சிகிச்சை நீண்டது. ஏவியம் குழுவுக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்து, கோழையில் கிருமி மறைந்த பின்னும் ஓராண்டு தொடர வேண்டும். கான்ஸஸ் கிருமி ரிஃபாம்பிசினுக்கு நன்றாகப் பணியும். 'அப்ஸெஸஸ்' என்ற ஒன்றோ எந்த மருந்துக்கும் எளிதில் பணியாதது.

சாலைப் பகுதியை இங்கே ஒருகணம் நினைத்துப் பார்ப்பது பொருந்தும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த இக்கடைவீதி, கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம்வரை நீள்கிறது. இந்நகருக்கு 1933-இல் அருவிக்கரையிலிருந்து கரமனை ஆற்று நீர் குழாயில் வந்தது. காலராவை ஒடுக்கியவற்றுள் குழாய்நீருக்கும் குளோரினுக்கும் உள்ள இடத்தை எவரும் மறுக்க முடியாது. ஆனால் மெழுகுப் போர்வை போர்த்த இத்தாயாதிகள் குளோரினுக்கு மற்றக் கிருமிகளைப்போல் மடிவதில்லை. உலகின் எந்நகரக் குழாயிலும் உட்புற வழுவழுப்பில் ஒட்டி வாழக்கூடியவை. குடிநீரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பது இதன் பொருளன்று. அறுவைக் கருவியையும் ஊசிக் குழலையும் குழாய்நீரில் அலசினால் போதும் என்று எண்ணும் மருத்துவமனை எதுவாயினும் அதுதான் அஞ்ச வேண்டும். துளையிட்டுச் செய்யும் அறுவைக்குப்பின் வாரக்கணக்கில் ஆறாத புண்களுக்கு நம் நாட்டில் பலமுறை காரணமாகக் கண்டது இந்த வேக வளர்ச்சிக் கிளையே.

பிற மாநிலத்தில் பிழைக்கும் தமிழருக்கு இன்னொரு தொல்லை உண்டு. திருவனந்தபுரத்தில் தொடங்கிய மருந்து திருநெல்வேலியில் தொடர்கிறது. முந்தைய கோழை முடிவு எழுதிய தாள் பெட்டியடியில் தங்கிவிடுகிறது. புதிய மருத்துவர் முதலிலிருந்து தொடங்குகிறார். கிருமியின் பெயர் எழுதிய அந்த ஒரு தாள் இத்தகைய நோயில் எக்ஸ்ரே படத்தைவிட மதிப்புள்ளது. திருவனந்தபுரத்திலேயே புலையனார்கோட்டையில் நெஞ்சுநோய்க்கென்று சர்க்கார் மருத்துவமனை இருக்கிறது.

தடுப்பூசியின் கதையோ இன்னும் முடியவில்லை. செங்கற்பட்டு முடிவு வந்தபின் 1980-இல் கூடிய நிபுணர்கள் பிறந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தொடர வேண்டும் என்றே கூறினர். மூளையுறையைத் தாக்கும் காசத்திலிருந்தும், உடம்பெங்கும் தெறிக்கும் காசத்திலிருந்தும் அது குழந்தைகளைக் காப்பது பல நாடுகளில் உறுதியாகியிருந்தது. அவ்வாறே இன்றும் பிறந்த குழந்தையின் இடத்தோளில் அது போடப்படுகிறது. 2024-இல் இந்தியாவின் பல மாநிலங்களில், முன்பு காசம் கண்டவர், காச நோயாளியோடு வாழ்பவர், முதியோர், நீரிழிவுள்ளோர் முதலிய பெரியவர்களுக்கு அதே ஊசியை மீண்டும் போட்டுப் பார்க்கும் ஆய்வு தொடங்கப்பட்டது. பெரியவர்களுக்குப் பயனில்லை என்று செங்கற்பட்டு சொன்ன ஊசி அது. அங்கே ஊசி பெற்ற பலர் உறங்கும் காசக்கிருமியும் ஊர்த் தாயாதிகளும் முன்பே அறிந்த உடம்புடையவர்கள். இப்போது ஊசி பெறுகின்றவர்களும் பெரும்பாலும் அத்தகையவர்களே. இவர்களுள் எத்தனை பேருக்கு நோய் வருகிறது, எத்தனை பேருக்கு வரவில்லை என்பதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ண வேண்டியிருக்கிறது.